சக்கரத்தைத் தள்ளிப் பார்

பழைய பொம்மை ரயில் என்ஜின் ஒன்று என் மேசைக்கு வந்தால் நான் உடனே ஸ்க்ரூடிரைவரைத் தேட மாட்டேன். என்ஜினைக் கவிழ்த்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, ஆள்காட்டி விரலால் ஒரு சக்கரத்தை மெல்லத் தள்ளுவேன். சக்கரம் சுழன்று, கூடவே உள்ளே மோட்டாரும் சர்ரென்று சுற்றினால், பல்லோடு பல் நேராகக் கோத்த பல்சக்கர வரிசை என்று அர்த்தம். சக்கரம் முரண்டு பிடித்தால் இரண்டில் ஒன்று. எண்ணெய் இறுகிப் போயிருக்க வேண்டும், இல்லையென்றால் உள்ளே வார்ம் இருக்க வேண்டும். மோட்டார் தண்டின் நுனியில் திருகுபோல மரை வெட்டிய பித்தளைத் துண்டுக்குத்தான் வார்ம் என்று பெயர். அது ஆக்ஸிலில் இருக்கும் பல்சக்கரத்தைத் தள்ளும். பல்சக்கரத்தால் அதைத் திருப்பித் தள்ள முடியாது.

இரண்டையும் பிரித்து அறிய ஒரு வழி இருக்கிறது. வார்ம் என்றால் சக்கரம் நூலளவு முன்னும் பின்னும் ஆடும், பிறகு சுவரில் முட்டியதுபோல் நிற்கும். இறுகிய எண்ணெய் என்றால் அந்த நூலளவு ஆட்டமும் இருக்காது. இதைத் தெரிந்துகொள்ளாமல் "ஜாம் ஆயிடுச்சு" என்று கட்டைவிரலால் அழுத்திச் சுற்றி, பல்லை மழுங்க அடித்த பிறகு கொண்டு வருபவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

என் தொழில் கடிகாரம் பழுது பார்ப்பது. திருத்தணி மலையடிவாரத்தில், படிக்கட்டுப் பக்கம் போகிற தெருவில் கடை. ஆடிக் கிருத்திகை வந்தால் காவடிக் கூட்டத்தில் கடைக்குள் ஆள் நுழைய முடியாது. அந்த மூன்று நாளும் கதவைப் பாதி சாத்திக்கொண்டு ரயில் வேலைதான் பார்ப்பேன். அப்பா விசைத்தறி மெக்கானிக். பொதட்டூர்பேட்டை, பள்ளிப்பட்டு, எல்லை தாண்டி நகரி வரைக்கும் சைக்கிளில் போய்த் தறிகளைச் சரி செய்தவர். துணியில் ஓர் அங்குலத்துக்கு எத்தனை ஊடை விழ வேண்டும் என்பதை சேஞ்ச் வீல் என்ற ஒரு பல்சக்கரம்தான் தீர்மானிக்கும். அதன் பல்லைச் சாக்பீஸால் ஒரு குறி வைத்து எண்ணச் சொல்லிக் கொடுத்தது அவர். எண்ணிய கணக்கை நோட்டில் எழுதாமல் எந்தச் சக்கரத்தையும் கழற்றக் கூடாது என்பது அவர் வைத்த சட்டம். எனக்கு இன்றைக்கும் அதுவே சட்டம்.

குவார்ட்ஸ் வந்து, சாவி கொடுக்கிற கடிகாரங்கள் குறைந்த காலத்தில்தான் ரயில்கள் வர ஆரம்பித்தன. திருத்தணிக்கு ஏது வெளிநாட்டுப் பொம்மை ரயில் என்று கேட்பார்கள். ரயிலில் கால் மணி நேரம் போனால் அரக்கோணம். ராயபுரத்திலிருந்து 1856-ல் ஆற்காட்டுப் பக்கம் போட்ட பாதையிலிருந்து பம்பாய்க்குப் போகிற கிளை அங்கேதான் பிரிகிறது. திருத்தணி வழியாக ஏறி, ரேணிகுண்டா, கடப்பா தாண்டிய அந்தப் பாதை 1871-ல் ராய்ச்சூரில் பம்பாய்ப் பக்கத்துப் பாதையோடு சேர்ந்தது. அதனால் அரக்கோணம் ரயில்வே காலனி ஊர். ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் நிறைய இருந்தன. அறுபதுகளில் அவர்களில் பலர் ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் குடிபெயர்ந்தபோது, கப்பலில் ஏற்ற முடியாததை அக்கம்பக்கத்தாருக்குக் கொடுத்துவிட்டுப் போனார்கள். கட்டில், பியானோ, கிராமபோன், அவற்றோடு குழந்தைகள் விளையாடிய ரயில். மீதி, சென்னை மூர் மார்க்கெட்டில் வாங்கியவை. 1985-ல் அது எரிவதற்கு முன் அப்பாவோடு ஒரு முறை போயிருக்கிறேன். தரையில் விரித்த சாக்கின்மேல் என்ஜின்கள் சக்கரம் மேலாகக் கிடந்தன. பெட்டியும் இல்லை, காகிதமும் இல்லை.

பெட்டியும் காகிதமும் இல்லாமல் வருவதால்தான் என் வேலையில் பாதி, இது யார் செய்த ஓட்டம் என்று கண்டுபிடிப்பது. மேல்கூட்டை நம்பவே கூடாது. ஒன்றின் கூட்டை இன்னொன்றின் சக்கரத்தட்டில் மாட்டியிருப்பார்கள், பெயின்ட் அடித்திருப்பார்கள், பெயரைச் சுரண்டியிருப்பார்கள். மோட்டாரும் பல்சக்கரமும் அப்படி வேஷம் போடாது.

அரக்கோணத்திலிருந்து ஒரு பெரியவர் கொண்டு வந்த என்ஜினைச் சொல்கிறேன். நீராவிக் காலத்து டிரைவர். டபிள்யூ.ஜி. சரக்கு என்ஜினில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆஸ்திரேலியா போன சக டிரைவர் ஒருவர் இவர் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டுப் போன ஆறு சக்கரக் குட்டி என்ஜின் அது. யாரோ ஜன்னல் கம்பிக்கு அடித்த பச்சை எனாமலில் மீந்ததை அதற்கும் அடித்திருந்தார்கள்.

"இது ஹார்ன்பி, நைனா" என்றார். "கரண்டு குடுத்தா டிரான்ஸ்ஃபார்மர் சூடாவுது, சக்கரம் அசையல. ஆர்மேச்சர் எரிஞ்சிட்டுதுன்னு ஒருத்தர் சொல்லிட்டாரு."

சக்கரத்தைத் தள்ளினேன். நூலளவு ஆடி நின்றது. வார்ம். அடியில் பார்த்தேன். தண்டவாளத்தின் நடுவில் உரசுகிற கரண்ட் பட்டை கிடையாது. ஒரு பக்கச் சக்கரங்கள் ஆக்ஸிலோடு பிளாஸ்டிக் புஷ் வைத்துப் பிரிக்கப்பட்டிருந்தன. அப்படியென்றால் இரண்டு தண்டவாளத்திலிருந்தும் கரண்ட் எடுக்கிற வகை. லிவர்பூலின் ஹார்ன்பி கம்பெனி 1938-ல் கொண்டு வந்த 'டப்ளோ' வரிசை 1959 வரைக்கும் நடுத் தண்டவாளம் உள்ளது. அந்தக் காலத்து டப்ளோ என்றால் நடுப்பட்டை இருந்தாக வேண்டும். கூட்டைக் கழற்றினேன். திறந்த சட்டத்தில் ஒரு காந்தக் கட்டி, மூன்று துருவ ஆர்மேச்சர். இரண்டு கார்பன் பிரஷ்ஷையும் ஒரே ஒரு கம்பி ஸ்பிரிங், கொண்டை ஊசிபோல இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குப் பெயர் தெரிந்துவிட்டது. டிரை-ஆங் கம்பெனியின் எக்ஸ்-04 மோட்டார்.

அந்தப் பெயரே ஒரு கணக்கு. லைன்ஸ் என்ற குடும்பப் பெயருள்ள மூன்று சகோதரர்கள் தொடங்கிய கம்பெனி அது. மூன்று கோடு சேர்ந்தால் முக்கோணம், அதுதான் டிரை-ஆங். இங்கிலாந்தின் மார்கேட்டில் தொழிற்சாலை. 1964-ல் ஹார்ன்பியை வைத்திருந்த கம்பெனியையே அவர்கள் வாங்கினார்கள். அடுத்த வருடத்திலிருந்து பெட்டியில் 'டிரை-ஆங் ஹார்ன்பி' என்று அச்சிட்டார்கள். லைன்ஸ் குழுமம் 1971-ல் நொடித்துப் போன பிறகு வெறும் ஹார்ன்பி என்றே ஆனது. பெட்டியில் பெயர் மாறிக்கொண்டே இருந்தது, உள்ளே இதே மோட்டார் வந்துகொண்டே இருந்தது. பெரியவர் சொன்னதும் ஒரு விதத்தில் சரிதான். ஆனால் ஹார்ன்பி என்று நினைத்து டப்ளோவுக்கான உதிரியைத் தேடியிருந்தால் ஒன்றுகூடப் பொருந்தியிருக்காது.

பெயர் தெரிந்ததும் கோளாறும் தெரிந்தது. அந்தக் கொண்டை ஊசி ஸ்பிரிங்கின் ஒரு கையில் மட்டும் நெல்மணி நீளத்துக்கு ஒரு குழாய் மாட்டியிருக்க வேண்டும், கரண்ட் கடத்தாத குழாய். ஒரு பிரஷ் என்ஜின் உடம்போடு சேர்ந்தது, இன்னொன்று தனித்து நிற்பது. ஸ்பிரிங் ஒன்றேயானதால் அந்தக் குழாய் இல்லாவிட்டால் கரண்ட் ஆர்மேச்சருக்குள் போகாமல் ஸ்பிரிங் வழியாகவே இந்தப் பக்கம் வந்து அந்தப் பக்கம் போய்விடும். டிரான்ஸ்ஃபார்மர் சூடாகும், சக்கரம் அசையாது. லென்ஸை மாட்டிக்கொண்டு பார்த்தேன். இரண்டு கையும் வெறும் கம்பி. எப்போதோ பிரஷ் மாற்றியவர் குழாயைத் தொலைத்திருக்கிறார்.

ஆனாலும் ஆர்மேச்சரைச் சோதிக்காமல் விட முடியாது. கம்யூட்டேட்டரில் மூன்று செம்புத் துண்டுகள், மூன்று காயில். இரண்டிரண்டு துண்டாக மீட்டரை வைத்துப் பார்த்தேன். 8 ஓம், 8 ஓம், 8 ஓம். மூன்றும் ஒன்றாக இருந்தால் காயில் நன்றாக இருக்கிறது. ஒரு காயில் அறுந்திருந்தால் இதே ஆர்மேச்சர் 12, 12, 24 என்று காட்டும். இரண்டு ஒரே அளவு, மூன்றாவது அதற்கு இரட்டிப்பு. எந்த ஜோடியில் இரட்டிப்பு வருகிறதோ அந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் அறுந்த காயில். கிணற்று மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடையில் இதைச் சொல்லித் தரமாட்டார்கள், அங்கே கணக்கு வேறு. பேட்டரி மீட்டர் ஒன்று வைத்திருக்கிற யாரும் வீட்டிலேயே பார்த்துவிடலாம். எரிந்துபோனது என்று சொன்ன ஆர்மேச்சர் முழுசாக இருந்தது. பழைய வயரிலிருந்து உறையை உருவி, நெல்மணி நீளம் வெட்டி, ஸ்பிரிங்கின் கையில் ஏற்றினேன்.

கம்யூட்டேட்டரின் இடுக்குகளில் கரித்தூள் அடைந்திருந்தால் அதுவும் ஷார்ட்தான். அதை எடுக்க இரும்பு எதையும் உபயோகிக்க மாட்டேன். தென்னை ஈர்க்கை உளிபோல் சீவி இழுத்தால் செம்பில் கீறல் விழாமல் தூள் வந்துவிடும்.

பிறகு எண்ணெய். நம் வீடுகளில் எது கிறீச்சிட்டாலும் தேங்காய் எண்ணெய்தான். கதவுக் கீலுக்கு அது போதும். பொம்மை என்ஜினுக்கு அதைவிடக் கெடுதல் வேறு கிடையாது. மார்கழி விடியலில் சமையலறைப் பாட்டிலில் அது எப்படி உறைகிறதோ அப்படியே பல்சக்கரத்துக்குள்ளும் உறையும். தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பித்தளையில் பச்சைக் களிம்பு ஏறும். இந்த என்ஜினில் அது அரக்குபோலப் படிந்திருந்தது. சக்கரத்தட்டை மண்ணெண்ணெயில் ஊற வைத்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, வெயிலில் காய வைத்து, தையல் மெஷின் எண்ணெய் ஊசி முனையால் ஒவ்வோர் ஆக்ஸிலுக்கும் ஒரு சொட்டு. வார்முக்கு மட்டும் சற்றுக் கெட்டியான கிரீஸ்.

காந்தத்தைப் பற்றி இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். என்ஜினைக் கையில் பிடித்துக் கரண்ட் கொடுக்கும்போது விர்ரென்று பறந்தால், மோட்டார் அருமையாக இருக்கிறது என்று எல்லோரும் சந்தோஷப்படுவார்கள். எனக்கு அங்கேதான் சந்தேகம் வரும். காந்தம் தளர்ந்த மோட்டார் சுமை இல்லாதபோது வேகமாகச் சுற்றும். சூடாகும், கரண்டை அதிகம் குடிக்கும். தண்டவாளத்தில் இறக்கி மூன்று பெட்டியை மாட்டினால் இழுக்காது. காந்தம் நன்றாக இருந்தால் மோட்டார் நிதானமாகச் சுற்றும், முறுக்கு இருக்கும். தொடங்கிய புதிதில் ஒரு ராத்திரி நான்கு என்ஜின்களின் ஆர்மேச்சரையும் கழற்றிப் போட்டுவிட்டுத் தூங்கிவிட்டேன். காலையில் பூட்டினால் நான்கும் இழுவை குறைந்திருந்தன. அந்தப் பழைய காந்தங்களின் இரு முனைக்கும் நடுவே இரும்பு இருந்தாக வேண்டும், ஆர்மேச்சரை உருவினால் அந்த இரும்பு போய்விடும், காந்தம் தளரும். அந்த நான்கும் பிறர் பொருள். தடித்த செம்புக் கம்பியைச் சுருட்டி, லாரி பேட்டரியிலிருந்து கண் இமைக்கும் நேரம் கரண்ட் பாய்ச்சிக் காந்தம் ஏற்றக் கற்றுக்கொண்டது அதற்குப் பிறகுதான். நான்கையும் அப்படியே மீட்டுக் கொடுத்தேன். இப்போது ஆர்மேச்சரைத் தொடுவதற்கு முன் காந்தத்தின் குறுக்கே ஒரு இரும்புத் துண்டை ஒட்டிவிடுவேன். சிறிய நியோடிமியம் காந்தத்தை வாங்கிப் போட்டுவிடலாமே என்று இளைஞர்கள் சொல்கிறார்கள். பழையது உடைந்திருந்தால் சரி. உடையாததை எடுத்துப் போடுவதில் எனக்குச் சம்மதமில்லை. அந்த என்ஜின் எப்படிக் கிளம்பும், எப்படி நிற்கும் என்பதெல்லாம் அந்தக் காந்தத்தில்தான் இருக்கிறது. மிக வலுவான காந்தம் போட்டால் மெதுவாக ஓடும்போது மோட்டார் விக்கி விக்கிச் சுற்றும்.

காந்தமே இல்லாத மோட்டார்களும் வரும். ஜெர்மனியில் வேலை பார்த்துத் திரும்பியவர் ஒருவர் மெர்க்லின் என்ஜின் ஒன்று கொண்டு வந்தார். 1859-லிருந்து கோப்பிங்கனில் இருக்கும் கம்பெனி. பேட்டரியை மாற்றி மாற்றிக் கொடுத்தும் ஒரே திசையில்தான் ஓடுகிறது, பின்னால் போகவில்லை என்பது குறை. திறந்து பார்த்தால் காந்தம் இருக்க வேண்டிய இடத்தில் கம்பிச் சுருள். வீட்டு மிக்ஸிக்குள் இருப்பதும் இதே ஜாதி மோட்டார்தான். பிளஸ் மைனஸை மாற்றினால் சுருளிலும் ஆர்மேச்சரிலும் சேர்ந்தே மாறும், அதனால் திசை மாறாது. மெர்க்லின் 16 வோல்ட் ஏ.சி.யில் ஓடும், 24 வோல்ட்டை ஒரு தட்டுத் தட்டினால் உள்ளே இருக்கும் குட்டி ரிலே திசையை மாற்றிவிடும். கோளாறு மோட்டாரில் இல்லவே இல்லை. அதற்குரிய டிரான்ஸ்ஃபார்மரை வைத்துத் தட்டினேன், டிக்கென்று சத்தம் கேட்டது, பின்னால் போனது.

காந்தம் இருக்கிறதா, சுருள் இருக்கிறதா என்று பார்க்காமல் கரண்ட் கொடுக்கக் கூடாது என்பதை அழுத்திச் சொல்வேன். காந்த மோட்டாருக்கு ஏ.சி. கொடுத்தால் இருந்த இடத்திலேயே நடுங்கிச் சூடாகும். இன்னொரு ஆபத்தும் உண்டு. ஹார்ன்பியின் முதல் எலக்ட்ரிக் ரயில் 1925-ல் வந்தது. அது வீட்டு மின்சாரத்தை ஒரு பல்பின் வழியாக அப்படியே தண்டவாளத்துக்கு விட்ட சாமான். குழந்தை கை வைக்கிற தண்டவாளம்! பிறகு அந்த வழியைக் கைவிட்டுக் குறைந்த வோல்ட்டுக்கு வந்தார்கள். அந்தக் காலத்து என்ஜின் எது வந்தாலும் நான் 6 வோல்ட் பேட்டரியில்தான் தொடங்குவேன்.

சாவி கொடுக்கிற என்ஜின்கள் கடிகாரக்காரனுக்கு அத்தை மகள் மாதிரி. தண்டவாள அகலம் 32 மில்லிமீட்டர் உள்ள பெரிய என்ஜின்கள் அவை. ஆனாலும் அவற்றிடம்தான் எனக்கு அடி பட்டது. ஸ்பிரிங்கின் முறுக்கை முழுக்க இறக்காமல் பக்கத் தகட்டைக் கழற்றினேன். இடது கட்டைவிரலில் தழும்பு இன்னும் இருக்கிறது. சாவியைக் கையில் இறுக்கிப் பிடித்து, கொக்கியை விலக்கி, கால் சுற்று கால் சுற்றாக இறக்க வேண்டும். பெரும்பாலும் ஸ்பிரிங் நடுவில் அறாது, மாட்டியிருக்கும் முனையில்தான் அறும். அந்த முனையை மட்டும் அரை அங்குலம் தீயில் சிவக்கக் காட்டி, தானாக ஆற விட்டால் எஃகு இளகும். புதுத் துளை போட்டு மாட்டிவிடலாம். ஓட்டத்தில் ஒரு சுற்றுக் குறையும், அவ்வளவுதான்.

மீட்க முடியாத ஒன்றும் உண்டு. முப்பதுகளில் செய்த என்ஜின் ஒன்றில் சக்கரங்கள் வார்ப்புத் துத்தநாகம். பார்க்க நன்றாக இருந்தது. நகத்தால் தொட்டதும் பிஸ்கட்போல உதிர்ந்தது. துத்தநாகத்தில் சொட்டு ஈயம் கலந்துவிட்டாலும் வருடக்கணக்கில் ஈரம் ஏறி, உலோகம் உள்ளுக்குள்ளேயே வீங்கி வெடித்துவிடும். 99.99 சதவீதத் துத்தநாகத்தில் செய்த ஜமாக் என்ற கலவை 1929-லேயே வந்துவிட்டது. ஆனாலும் எல்லா வார்ப்படத்திலும் அந்தச் சுத்தம் இல்லை. இதற்கு மருந்து கிடையாது. லேத்தில் புதுச் சக்கரம் கடைந்து போட்டேன். உதிர்ந்ததைத் தகர டப்பாவில் போட்டு என்ஜினோடு சேர்த்துக் கொடுத்தேன். 1855-ல் லீட்ஸில் செய்த இ.ஐ.ஆர். 21 என்ஜினைப் பெரம்பூர் லோகோ ஒர்க்ஸில் புதுப்பித்து 2010-ல் ஓட வைத்தபோது நான் சென்னையில் கூட்டத்தோடு நின்று பார்த்தேன். காணாமல் போனவற்றைப் புதிதாகச் செய்துதான் அதை ஓட வைத்தார்கள். அதைப் பார்த்த பிறகு, புதுச் சக்கரம் போட்டதைப் பற்றி எனக்கிருந்த உறுத்தல் தணிந்தது.

பெரியவரின் என்ஜினுக்கு வருகிறேன். ஒரு வாரம் கழித்து வந்தார். மேசையில் இரண்டு முழத் தண்டவாளம் போட்டு, 12 வோல்ட் டி.சி.யைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகினேன். ஓடியது. எனக்கு நிறைவாக இருந்தது. அவர் குனிந்து காதை வைத்தார். முகம் மாறவில்லை.

"ஓடுது. ஆனா ஒரு பக்கம் தட்டுது பாரு" என்றார்.

எனக்குக் கேட்கவில்லை. அவர் மேசையில் விரலால் தாளம் போட்டுக் காட்டினார். நிஜ என்ஜினில் இரண்டு பக்கத்துக் கிராங்க்குகளையும் ஒரே கோணத்தில் வைக்க மாட்டார்கள், 90 டிகிரி தள்ளி வைப்பார்கள். ஒரு பக்கத்து பிஸ்டன் கடைசி முனையில் திகைத்து நிற்கும்போது மறு பக்கத்து பிஸ்டன் முழுப் பலத்தோடு தள்ளும். அதனால்தான் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் புகைபோக்கியில் நான்கு சத்தம், நான்கும் சமமாக. இருபத்தைந்து வருடம் அந்த நான்கைக் கேட்ட காது அது. பொம்மையில் நீராவி இல்லைதான். ஆனாலும் சக்கரங்களைச் சேர்த்துக் கட்டும் தண்டுகள் இருக்கின்றன, அவற்றுக்கும் அதே 90 டிகிரி வேண்டும். ஒரு ஆக்ஸிலில் இரண்டு டிகிரி பிசகினாலும் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு முறை தண்டு இறுகி விடும்.

அவரை உட்கார வைத்துவிட்டு மூன்று ஆக்ஸிலையும் கழற்றினேன். இதற்கென்று பித்தளைக் கட்டையில் ஒன்று செய்து வைத்திருக்கிறேன். நடுவில் ஆக்ஸில் உட்கார ஒரு பள்ளம். இடது கிராங்க் ஊசி முன்பக்கத் தடுப்பில் முட்ட வேண்டும், வலது ஊசி கீழ்த் தடுப்பில் முட்ட வேண்டும். முதல் ஆக்ஸில் சரியாக உட்கார்ந்தது. நடு ஆக்ஸிலும் சரி. பின் ஆக்ஸிலில் வலது ஊசிக்கும் தடுப்புக்கும் நடுவே ஒரு சிகரெட் தாள் நுழைந்தது. பிளாஸ்டிக் புஷ்ஷில் சக்கரம் எப்போதோ நழுவியிருக்கிறது, யாரோ கட்டைவிரலால் அழுத்திச் சுற்றிய நாளில் இருக்கலாம். இடது சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு வலதை மயிரிழை திருப்பினேன். தாள் நுழையவில்லை.

திரும்பப் பூட்டும்போது சாயங்காலம் ஆகிவிட்டது. கீழே ஸ்டேஷனில் சப்தகிரி வந்து நின்று கிளம்பியது. அதன் ஹாரன் அடங்கும் வரை காத்திருந்து கரண்டைத் திருகினேன். பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு மறுபடி காதை வைத்தார். விரல் மேசையில் தட்டிக்கொண்டே வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. தண்டவாளம் தீர்ந்து என்ஜின் நின்ற பிறகும் அந்த விரல் இன்னும் கொஞ்ச நேரம் தட்டிக்கொண்டிருந்தது.